நழுவலுக்கு ஆங்கிலம் இட்ட பெயர்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வரி அறிவித்தலொன்று கமக்காரர் ஒருவரின் கைக்கு வருகிறதென வைத்துக்கொள்வோம். ஊரிலே ஆங்கிலம் கற்ற ஒருவரிடம் அவர் அதைக் கொண்டு செல்கிறார். "நீங்கள் வரியைத் தவிர்த்துவிட்டீர்களாம், அண்ணை" என்கிறார் படித்தவர். இவ்வளவுதானா என்று கமக்காரரும் ஆறுதலுடன் வீடு திரும்புகிறார். ஆனால், அறிவித்தலில் இருந்த சொல் 'அவொயிட்' அன்று, 'இவேட்' என்பதாகும். முன்னையது சட்டம் திறந்து வைத்த படலையால் வெளியேறுவது. பின்னையது இரவோடிரவாக வேலியைப் பிரித்துக்கொண்டு வெளியேறுவது. முன்னதற்கு மறியல் இல்லை, பின்னதற்கு உண்டு. மொழிபெயர்ப்பிலே நேர்ந்த ஒரு சறுக்கல் ஒரு குடும்பத்தை நீதிமன்ற வாயிலுக்கு இழுத்துவிடக் கூடுமெனில், இச்சொற்களைப் பற்றிப் பேசுவதை அகராதிக்காரரின் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிட எம்மால் இயலாது.

'அவொயிட்' என்பதற்கு ஆங்கிலேயர் அளித்துள்ள மதிப்பு சிறிதன்று. இங்கிலாந்திலே 1696 ஆம் ஆண்டு சாளர வரி விதிக்கப்பட்டது. 1851 வரை அது நீடித்தது. சாளரங்கள் மிகுந்த வீட்டுக்கு வரியும் மிகுந்தது. மக்கள் செங்கல் வைத்துச் சாளரங்களை அடைத்துக் கட்டினார்கள். வெளிச்சம் போயிற்று, காற்றுப் போயிற்று, கூடவே வரியும் போயிற்று! இதிலே குற்றம் யாதுமில்லை. இருக்கும் சாளரத்தை வரி அதிகாரியின் கண்ணுக்கு மறைத்து, அவர் தலை மறைந்ததும் திறந்து வைத்திருந்தால், அதுவே 'இவேட்' ஆகியிருக்கும்.

1935 இல் பிரபுக்கள் சபை தீர்த்துவைத்த வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் வழக்கு இன்னும் சுவையானது. தோட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுத்தால் அத்தொகையைக் கோமகன் தம் மேல்வரிக் கணக்கிலே கழிக்க முடியாது. உறுதி எழுதி ஆண்டுக் கொடுப்பனவாகக் கொடுத்தால் கழிக்கலாம். ஆகவே, கோமகன் உறுதி எழுதினார். தோட்டக்காரனோ அதே தோட்டத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தான். வரி குறையும் வண்ணம் தன் காரியங்களை ஒழுங்குசெய்ய எவனுக்கும் உரிமை உண்டென்று கூறிச் சபை கோமகனின் பக்கம் தீர்த்தது. 1981 இல் ராம்சே வழக்கிலே, வரியைக் குறைப்பதற்கென்றே கோக்கப்பட்ட நடவடிக்கைகளைத் தனித்தனியாகப் பாராது முழுமையாக நோக்கலாம் என்று கூறி, அதே சபை அக்கதவைப் பாதி சாத்தியது. எனினும் ஒன்றை நாம் கவனிக்கிறோம். நொத்தாரிசையும் நியாயவாதியையும் கணக்காளரையும் கூப்பிட்டு வைத்துப் பேச வசதி படைத்தவனுக்கே 'அவொயிட்' கிட்டுகிறது. வசதியற்றவனின் தலையிலே 'இவேட்' வந்து விழுகிறது.

இவற்றுக்கெல்லாம் தமிழிலே சொல் இல்லை என்று எவரும் மயங்க வேண்டாம். வரித் தவிர்ப்பு, வரி ஏய்ப்பு என்னும் இரு தொடர்களும் வழக்கில் உள்ளன. கையாள்வோரிடந்தான் கவனம் இல்லை. 'ஷேர்க்' என்பவனை எங்கள் ஊர்களிலே வேலைக்கள்ளன் என்பார்கள். 'இலூட்' என்ற சொல் விளையாடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. விளையாட்டிலே தோற்கப் போகும் பையன் விதியை மாற்றிப் பேசும்போது 'அலாப்புகிறான்' என்று யாழ்ப்பாணத்துச் சிறுவர் கூவுவதைக் கேட்டவர்க்கு அவ்வேர் புதிதாகத் தோன்றாது. 'சேர்கம்வென்ட்' என்பது சூழ்ந்து வருதல். சட்டம் என்னும் வயலிலே கால் வையாமல் வரம்பைச் சுற்றி நடந்து மறுகரை சேர்பவனுக்கு அச்சொல் பொருந்தும்.

கமக்காரர் நன்கு அறிந்துகொள்ள வேண்டிய சொல் 'பிறிவரிகேட்' என்பதாகும். கேட்ட கேள்விக்கு நேர்விடை கூறாது வளைத்து வளைத்துப் பேசுதலை இன்று அது குறிக்கிறது. அதன் பிறப்போ வயலிலே! முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி தமது 'இயற்கை வரலாறு' என்னும் நூலிலே உழவைப் பற்றிக் கூறுகிறார். கலப்பையின்மேல் குனிந்து உழாதவனுடைய சால் கோணிப் போகும் என்றும், அக்கோணலைக் குறித்த சொல்லே பின்னர் நீதிமன்றத்துக்குக் குற்றப் பெயராகச் சென்றது என்றும் அவர் எழுதினார். வழக்குத் தொடுத்தவனே எதிரியுடன் இரகசியமாகக் கைகோத்து, வழக்கைத் தோற்கவிடுதல்தான் உரோமச் சட்டத்திலே அக்குற்றம். முதுகு வளைக்க மனமில்லாதவனின் சால் கோணும் என்பதை வயலில் இறங்கிய எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. பாராளுமன்றத்திலே ஓர் உறுப்பினர் குளத்தின் மதகைப் பற்றிக் கேட்க, அமைச்சர் கடந்த ஆட்சியின் குறைகளைப் பற்றி அரைமணி நேரம் விடையளித்தால், அவர் கோணற்சால் ஓட்டுகிறார் என்று நாம் தாராளமாகச் சொல்லலாம்.

'பேர்க்' என்னும் சொல்லின் கதை கொடியது. எடின்பரோ நகரிலே வில்லியம் பேர்க் என்பவன் தன் கூட்டாளியுடன் சேர்ந்து ஆட்களை மூச்சடைத்துக் கொன்று, பிரேதங்களை உடற்கூற்று ஆசிரியர் ஒருவருக்கு விற்றுவந்தான். உடலிலே காயம் தெரியாதபடி கொல்வதே அவனது கைத்திறன். 1829 இல் அவன் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய பெயர் வினைச்சொல்லாயிற்று. ஒரு விசாரணையை அல்லது வினாவைச் சத்தமின்றி அமுக்கிவிடுதலை ஆங்கிலம் இன்றும் அப்பெயராலேயே அழைக்கிறது.

இச்சொற்களுள் எது பொருந்தும் என்று நாம் பலகால் சிந்தித்த வழக்கொன்று எமது நாட்டிலேயே உண்டு. அரசாங்க எழுதுவினைஞரான செல்லையா கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1961 ஆம் ஆண்டுத் திறைசேரிச் சுற்றுநிருபத்தின்படி அவருடைய சம்பள ஏற்றம் 1962 இல் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் அரசியற் சட்டத்தின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964 இல் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்காட முடியாது, ஆதலின் மொழிச் சட்டத்தை ஆராய வேண்டியதில்லை என்றது. வழக்காடலாம் என 1969 இல் கோமறைக் கழகம் கூறி, மொழிச் சட்டம் பற்றிய வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

வேறு காரணத்தால் ஒரு வழக்கைத் தீர்க்க முடியுமாயின் அரசியற் சட்ட வினாவைத் தொடாதிருப்பதே நீதிபதிக்கு அழகு என்பது சட்ட அறிஞர் பலரின் கொள்கை. அதற்கு அவர்கள் வழங்கும் சொல்லும் 'அவொயிட்' தான். நீதியரசர்கள்மீது அதனினும் கடிய சொல்லைச் சுமத்த நாம் துணியமாட்டோம். ஆனால், திருப்பி அனுப்பப்பட்ட வினா விசாரிக்கப்படவில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972 இல் வந்த புதிய அரசியற் சட்டத்திலே 29 ஆம் பிரிவு இல்லை. எழுதுவினைஞர் எழுப்பிய வினா உயர் நீதிமன்றத்தின் முன் மீண்டும் வரவேயில்லை.