சுமையைச் சுமத்துவதா சமத்துவம்?

ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் '2081' என்னும் ஆங்கிலக் குறும்படத்தைத் திரையிட்டனர். படம் முடிந்ததும், விளக்கவுரை ஆற்ற வந்த அன்பர், "சமத்துவம், சமத்துவம் என்று முழங்குவோர் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துவர் என்பதைக் கண்டீர்களல்லவா?" என்றார். அவையினர் கைதட்டினர். என் கைகள் எழவில்லை. ஏன் எழவில்லை என்பதை ஆசிரியர் உலகின் முன் வைப்பது என் கடமை.

அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வோனகட் 1961-இல் எழுதிய 'ஹாரிசன் பெர்ஜரன்' என்னும் சிறுகதையே 2009-இல் இப்படமாக உருப்பெற்றது. 1995-இல் தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட நெடும்படத்துக்கும் இக்கதையே வித்து. கதை நிகழும் ஆண்டு 2081. அமெரிக்காவில் அனைவரும் சமம் என்று சட்டம் ஆணையிட்டுவிட்டது. எப்படிச் சமமாக்கினர்? வலியவன் உடலில் ஈயக்குண்டுகளைத் தொங்கவிட்டனர். அழகியின் முகத்தை முகமூடியால் மறைத்தனர். அறிவாளியின் காதில் ஒரு கருவியைப் பொருத்தி, 20 நொடிக்கு ஒருமுறை பேரொலி எழுப்பி அவன் சிந்தனையைச் சிதறடித்தனர். ஜார்ஜ் என்னும் தந்தையின் கழுத்தில் 47 இராத்தல் எடையுள்ள பை. அவருடைய 14 வயது மகன் ஹாரிசன் மீதோ 300 இராத்தல்! அவன் சிறையினின்று தப்பி, தொலைக்காட்சி அரங்கில் தோன்றித் தன் சுமைகளை உதறி எறிகிறான். அதிகாரியின் துப்பாக்கிக்கு இரையாகிறான். அக்காட்சியைக் கண்டு அழும் தாய் ஹேசல், எதற்காக அழுதோம் என்பதையே அடுத்த கணம் மறந்துவிடுகிறாள்.

இக்கதை எள்ளி நகையாடுவது எதனை? சமத்துவத்தையா? அன்று! சமத்துவம் என்னும் பெயரைச் சூடிக்கொண்ட முடமாக்கலை. ஊன்றி நோக்குங்கள். ஹேசலுக்குக் கூர்மையான அறிவு இல்லை. ஆகவே அவளுக்குச் சுமையும் இல்லை. ஆயின், அந்த அரசு அவளுக்குச் செய்த நன்மை யாது? கணவனின் அறிவைக் குலைத்தது. மனைவியின் அறிவை வளர்த்ததா? வலியவனிடமிருந்து பறித்தது, பறித்ததில் ஒரு துளியேனும் மெலியவனுக்கு வழங்கியதா? இல்லை. ஒருவரும் உயராமல் எல்லாரும் தாழ்வதற்குச் சமத்துவம் என்று பெயரிடுவது சொல்லுக்கே இழுக்கு.

இக்கதையைப் பிழைபட வாசித்தவர் நம் அன்பர் மட்டுமல்லர். 2005-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், பள்ளிகளுக்கு நிதியளிப்பது பற்றிய வழக்கு அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. பள்ளிகளுக்கு நிதி திரட்டுவதில் வரம்பு கூடாது என்று வாதிட்ட வழக்குரைஞர்கள் இக்கதையைச் சான்றாகக் காட்டினர். எண்பது வயதைக் கடந்திருந்த வோனகட் அதனை ஏற்கவில்லை. தம் கதை அறிவையும் திறமையையும் பற்றியது. செல்வம் அவ்விரண்டுக்கும் அடையாளமாகாது என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினார். கதையைப் படைத்தவரே மறுத்த பொருளை அதன்மேல் ஏற்றுவது முறையா?

கரும்பலகை எழுத்து தெரியாமல் கண்ணைச் சுருக்கும் மாணவனுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கித் தருகிறோம். அதனால் பார்வை நன்றாயுள்ள மாணவனின் கண் மங்கிவிடுமா? வெறும் வயிற்றோடு வரும் சிறுமிக்குக் காலையுணவு கொடுத்தால், வயிறு நிறைந்து வந்தவள் பாடத்தை மறந்துவிடுவாளா? வறுமையும் பசியும் நூலில்லா வீடும் பிள்ளைகளின் கழுத்தில் தொங்கும் ஈயக்குண்டுகளே. எந்தச் சட்டமும் அவற்றைக் கட்டவில்லை. எனவே அவை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவற்றை அவிழ்ப்பதே சமத்துவம். அவிழ்க்க வருவோரைப் பார்த்து, "இதோ, கட்ட வருகிறார்கள்" என்று கூச்சலிடுவது நேர்மையன்று.

ஆயினும், குற்றத்தை முழுவதும் பிறர்மீது சுமத்திவிட்டு நான் ஒதுங்க இயலாது. இளம் ஆசிரியனாய் இருந்தபோது, கணக்குகளை எல்லார்க்கும் முன்னே முடித்துவிட்டு, "அடுத்து என்ன ஐயா?" என்று கேட்பான் ஒரு மாணவன். "மற்றவர்கள் முடிக்கட்டும், நீ அதையே மறுபடியும் எழுது" என்பேன். சில திங்களில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். வகுப்பு அமைதியாயிற்று, நானும் மகிழ்ந்தேன். இப்படத்தில் அந்தக் காதுக்கருவியின் ஒலி எழுந்தபோதெல்லாம் என் குரலே எனக்குக் கேட்டது. நான் செய்தது சமத்துவமா? சோம்பல்! இருவர்க்கும் ஏற்ற பாடம் தேடும் உழைப்பைத் தட்டிக்கழித்த சோம்பல்.

பின்தங்கிய பிள்ளைக்குக் கைகொடுக்க மறுப்பவர் ஒரு புறம். முந்தும் பிள்ளையைப் பிடித்து நிறுத்துபவர் மறுபுறம். இருவரும் பகைவர் போலத் தோன்றினும் செய்யும் தீங்கு ஒன்றே: கழுத்துச் சுமை கழுத்திலேயே கிடக்கும்.

ஆசிரியத் தோழர்களே! நாளைய ஆசிரியர்களாகப் போகும் மாணவச் செல்வங்களே! இப்படத்தைப் பாருங்கள், உங்கள் வகுப்பிலும் அதைப் பற்றி உரையாடுங்கள். அதனைக் காட்டிச் சமத்துவத்தைப் பழிப்போரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஹேசலுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?" பிறகு, பள்ளியில் உங்கள் முன் அமர்ந்திருக்கும் முகங்களை ஒவ்வொன்றாக நோக்குங்கள். எந்தக் கழுத்தில் என்ன சுமை தொங்குகிறது, அதில் எது நாம் கட்டியது என்று தேடுங்கள். அவிழ்க்கும் வேலை அங்கே தொடங்கட்டும்.