லாரிக்குள் ஒரு படுக்கை

வெளிநாட்டுக்காரர்கள் பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிளைவுட் அடித்து, கட்டில், அடுப்பு, குட்டி பிரிட்ஜ் எல்லாம் வைத்து ஊர் ஊராகச் சுற்றும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்போது இங்கேயும் சில பையன்கள் பழைய ஆம்னி வேனில் இதே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மலையோரம் வண்டி நிற்க, பின்கதவைத் திறந்து வைத்துக் காபி குடிப்பது யாருக்குத்தான் பிடிக்காது? (ஒரு எச்சரிக்கை: பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. மெத்தை விரிப்பதோடு நிறுத்திக்கொண்டால் பிரச்சினை இல்லை. சீட்டைப் பிடுங்கி, கூரையை உயர்த்தினால் ஆர்.டி.ஓ. வாசலில் நிற்க வேண்டியதுதான்.)

ஆனால் வண்டியைப் படுக்கையாக மாற்றும் கலையில் உண்மையான கில்லாடிகள் யாரும் வீடியோ போடுவதில்லை. அவர்களைப் பார்க்க வேண்டுமானால் ராத்திரி பதினோரு மணிக்குத் திருப்பூரில் அவினாசி ரோடு, பல்லடம் ரோடு, தாராபுரம் ரோடு என்று ஒரு சுற்று போய் வந்தால் போதும். கம்பெனி வாசலில் கன்டெய்னர் லோடு ஏறக் காத்திருக்கும் டிரெய்லர், மில்லுக்குப் பஞ்சுப் பேல் இறக்க வந்த வடநாட்டு லாரி, டையிங்கில் லாட் ரெடியாகவில்லை என்று ஓரங்கட்டி நிற்கும் குட்டி யானை... எல்லாவற்றுக்குள்ளும் ஒரு மனிதர் தூங்கிக்கொண்டிருப்பார். அல்லது தூங்க முயன்றுகொண்டிருப்பார். அவருக்கு இது பொழுதுபோக்கு இல்லை, வேலையின் ஒரு பகுதி.

அவர்களுடைய கைவேலையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம்.

லாரிக்காரர்கள் 'பெர்த்' என்று சொல்வது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கேபினின் குறுக்கே போட்டிருக்கும் பலகையை. ஆங்கிள் சட்டம், அதன் மேல் பிளைவுட், அதன் மேல் ஃபோம், அதற்கு ரெக்ஸின் உறை. அகலம் இரண்டடி இருந்தால் அதிர்ஷ்டம். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் இதையெல்லாம் டிரைவர் சொல்லும் அளவுக்கே செய்து கொடுப்பார்கள். வெறும் சேஸிஸாக வாங்கி வந்து கேபினையும் உள்ளூரிலேயே கட்டிய காலத்தில், மரச்சட்டம் போட்ட அந்தக் கேபின்கள் பார்க்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் வெயிலை அவ்வளவாக உள்ளே விடாது. கம்பெனியில் இருந்தே வரும் தகரக் கேபின் அழகு. விபத்தில் பாதுகாப்பும் அதிகம். ஆனால் சித்திரை மாதத்தில் அதற்குள் பகலில் படுப்பதும் இட்லிக் கொப்பரைக்குள் படுப்பதும் ஒன்று. போதாக்குறைக்கு எஞ்சின் கேபினுக்கு நேர் அடியில். வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆனாலும் அந்தச் சூடு மேலே வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியங்கள் பல. ரெக்ஸின் வியர்வையை உறிஞ்சாது, முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதன் மேல் பனியன் துணியில் ஓர் உறை. திருப்பூரில் ரிஜெக்ட் ஆன துணிக்கா பஞ்சம்? ஃபோமுக்குப் பதில் இலவம்பஞ்சு மெத்தை போடுகிறவர்களும் உண்டு. சூடு குறைவு, ஆனால் ஒரு வருடத்தில் கட்டி தட்டிவிடும். கூரைக்கு அடியில் இன்னொரு பிளைவுட் அடித்து நடுவில் தெர்மோகோல் திணிப்பது, மேலே ஈரச்சாக்கு போடுவது, கண்ணாடிக்கு வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வைப்பது என்று ஆளுக்கு ஒரு முறை. (தெர்மோகோல் சீக்கிரம் தீப்பிடிக்கும். அதே கேபினில் கேஸ் அடுப்பும் வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே அடுப்பு எரிப்பது தீயில்லாமலே ஆளைக் கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.)

அடுத்தது ஃபேன். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். கடையில் கிடைக்கும் கார் ஃபேன், செல்போன் சார்ஜர் பலவும் 12 வோல்ட். அதனால் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் ஒயர் இழுத்து மாட்டிவிடுவது வழக்கம். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாகக் காலியாகும். ஆல்டர்நேட்டரோ இரண்டையும் ஒன்றாகவே சார்ஜ் செய்யும். ஒன்று எப்போதும் அரைவயிறு, மற்றது அளவுக்கு மீறிக் குடித்துக் கெட்டுப்போகும். கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டும். நடுவில் ஒரு 24-12 கன்வெர்ட்டர் போட்டாலோ, 24 வோல்ட் ஃபேனாகவே வாங்கினாலோ இந்தத் தலைவலி இல்லை. அப்படிப்பட்ட ஃபேன் ஓர் ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். ராத்திரி முழுக்க ஓடினாலும் காலையில் செல்ஃப் எடுக்கும்.

குட்டி யானைக்காரர்களுக்குப் பெர்த்தும் கிடையாது, சாயும் சீட்டும் கிடையாது. நிட்டிங்கில் இருந்து டையிங், டையிங்கில் இருந்து காம்பாக்டிங், பிறகு பிரிண்டிங், தையல் என்று ஊருக்குள்ளேயே நாள் முழுக்கத் துணியைச் சுமக்கும் வண்டிகள் அவை. அவர்கள் மெத்தை பேக்கிங் அட்டைப்பெட்டி. பிரித்து இரண்டு மூன்று அடுக்காகப் பின்னால் விரித்து, மேலே தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி கட்டினால் படுக்கை தயார். நெளிந்த அட்டைக்குள் காற்று இருப்பதால் கீழிருந்து வரும் சூடும் குளிரும் ஏறாது. விலைக்கு விற்கும் கேம்பிங் மெத்தைக்கும் இதுதான் தத்துவம். கொசுவுக்கு மட்டும் ஒரு வைத்தியமும் பலிப்பதில்லை. நொய்யல் ஓரம் வண்டி நிறுத்தியவர்களைக் கேட்டால் தெரியும்.

எல்லாவற்றிலும் மோசமானது டிரெய்லருக்கு அடியில் கட்டும் தூளி. காற்று வரும், நிழல் இருக்கும், பார்க்க சொகுசாகவும் இருக்கும். ஆனால் பக்கத்து வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது அடியில் ஆள் இருப்பது யாருக்குத் தெரியும்? அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

இவ்வளவு சாமர்த்தியமும் எதற்கு என்று கேட்டால், 2020 பிப்ரவரி 20 அதிகாலை பதில் சொல்லும். திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே, டைல்ஸ் ஏற்றி வந்த கன்டெய்னர் லாரி ஒன்று சாலையின் நடுத்தடுப்பைத் தாண்டி எதிர்ப்புறம் போய், பெங்களூரில் இருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசு சொகுசுப் பேருந்தின் மேல் மோதியது. 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்தது என்று ஒரு பேச்சு இருந்தது. ஓட்டுநர் கண் அயர்ந்துவிட்டார் என்பதுதான் வலுவாகச் சொல்லப்பட்டது. நேரம் விடியற்காலை மூன்று மணிக்கு மேல். மனித உடம்பு தூங்கியே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் டீயும் பீடியும் இளையராஜா பாட்டும் ஓரளவுக்குத்தான் உதவும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மூன்றரை டன்னுக்கு மேல் மொத்த எடை கொண்ட புதிய சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அறிவித்து, 2025ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம். நாற்பது டிகிரி வெயிலில் பகலெல்லாம் ஓட்டுகிறவருக்கு இது ஆடம்பரம் இல்லை. ஆனால் இந்த ஏசி ஓட்டுவதற்குத்தான் உதவும், தூங்குவதற்கு இல்லை. எஞ்சின் ஓடினால்தான் ஏசி ஓடும். ராத்திரி முழுக்க எஞ்சினை ஓடவிட்டால் லிட்டர் லிட்டராக டீசல் போகும். அந்த மைலேஜ் கணக்கு பல இடங்களில் டிரைவர் தலையில்தான் விடிகிறது. அதனால் வண்டி நின்றதும் அவர் முதலில் அணைப்பது ஏசியை. பழையபடி ஃபேனும் ஈரச்சாக்கும்தான். குட்டி யானைகளோ மூன்றரை டன்னுக்குக் கீழே, இந்த விதிக்குள்ளேயே வராது.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2018 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். பெர்த் என்ற பலகை எதற்காக வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் படுக்க. வண்டியும் நிற்காது, தூக்கமும் கெடாது. இப்போது இரண்டாவது ஆள் இல்லை, கிளீனரும் பெரும்பாலும் இல்லை. வண்டி ஓடும்போது பெர்த்தில் இருப்பது டிரைவரின் துணிப்பை மட்டும்தான். அவர் தூங்க வேண்டும் என்றால் வண்டி நிற்க வேண்டும். வண்டி நிற்க இடமும் வேண்டும், நேரமும் வேண்டும். எந்தப் பட்டறையிலும் அந்த இரண்டையும் வெல்டிங் செய்து மாட்ட முடியாது.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் இருந்து தூத்துக்குடித் துறைமுகம் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே ராத்திரியில் போய்விடலாம். அதனால் எல்லாரும் ராத்திரியில்தான் போகச் சொல்கிறார்கள். கன்டெய்னர் வண்டி காலையிலேயே கம்பெனி வாசலுக்கு வந்துவிடும். செக்கிங் முடியாது, அயர்னிங் முடியாது, கடைசிப் பெட்டி பேக் ஆகாது. பகல் முழுக்க 'இதோ ஆச்சுண்ணா, இன்னும் ஒரு மணி நேரம்ணா' என்று சொல்லிச் சொல்லி, இரவு எட்டு மணிக்கு சீல் வைப்பார்கள். கப்பலுக்கான கெடு மறுநாள் காலை. பகலில் அந்த மனிதர் தூங்கினாரா? ஒரு மணி நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? தாமதம் கம்பெனியில் நடந்தது, அதை ஈடுகட்டுவது டிரைவரின் கண்கள்.

இடமும் அப்படித்தான். தொழிலாளர் இரவில் தங்க வேண்டிய ஊர்களில் முதலாளி ஓய்வறை கொடுக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு என்று கணக்கு. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் சிறு முதலாளிகளே அதிகமுள்ள தொழிலில் அது எத்தனை பேரைத் தொட்டிருக்கும்? 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டமும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதில் வரம்பு பத்துப் பேர். வலையின் கண் இன்னும் பெரிதாகிவிட்டது. நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களுக்கு ஓய்வு விடுதிகள், முதல் கட்டமாக 1000 என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். வரட்டும். ஆனால் நெடுஞ்சாலை விடுதி பயணத்தின் நடுவில் உதவும். திருப்பூர் சந்துக்குள் கம்பெனி வாசலில் நிற்கும் வண்டிக்கு அது எட்டாது.

வேடிக்கை என்னவென்றால், இதே பனியன் பெட்டி ஐரோப்பாவில் இறங்கியதும் கதை மாறிவிடும். அங்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேர ஓட்டம், பொதுவாக 11 மணி நேர ஓய்வு, எல்லாவற்றையும் வண்டியிலுள்ள ஒரு கருவி பதிவு செய்யும். வாரத்துக்கான 45 மணி நேர ஓய்வைக் கேபினுக்குள் கழிக்கவே கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017ல் சொல்லி, 2020ல் விதியிலும் வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். எவ்வளவு நல்ல பெர்த்தாக இருந்தாலும் அது வீடு ஆகாது என்பது அவர்கள் கணக்கு. (அங்கேயும் எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.) ஒரே சட்டைக்கு கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் ஒரு நியாயம்.

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஆடிட் புதிதல்ல. பையர் அனுப்பும் ஆட்கள் வந்து கழிவறை எத்தனை, தீயணைப்பான் எங்கே, ஹாஸ்டலில் ஒருவருக்கு எவ்வளவு இடம், ஓவர்டைம் எவ்வளவு என்று நோண்டி நோண்டிக் கேட்பார்கள். டெய்லர்களுக்கு அதனால் சில நன்மைகள் நிச்சயம் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் கேள்விகள் பெரும்பாலும் கேட்டோடு நின்றுவிடும். கேட்டுக்கு வெளியே பத்தடி தூரத்தில், அதே சரக்குக்காகப் பதினான்கு மணி நேரமாகக் காத்திருப்பவர் யாருடைய தொழிலாளி? கம்பெனியைக் கேட்டால் டிரான்ஸ்போர்ட்டைக் காட்டும். டிரான்ஸ்போர்ட் லாரி ஓனரைக் காட்டும். லாரி ஓனரோ இ.எம்.ஐ. புத்தகத்தைக் காட்டுவார் :-)

கோடிக்கணக்கில் செலவாகும் யோசனை எதுவும் தேவையில்லை. கன்டெய்னர் ஏற்றும் அளவுக்குப் பெரிய கம்பெனியில் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை, நாலு கட்டில், ஃபேன், கொசுவலை, குளிக்கத் தண்ணீர், ஒரு கழிவறை. வண்டி வந்ததும் 'உங்கள் லோடு இத்தனை மணிக்கு, அதுவரை யாரும் எழுப்ப மாட்டார்கள்' என்று நேரம் எழுதி ஒரு சீட்டு. அந்த நேரம் தப்பினால், அன்று இரவே கிளம்பச் சொல்லாமல் காலையில் அனுப்புவது. கப்பல் போய்விடும் என்பார்கள். ஒருநாள் முன்பே பேக்கிங்கை முடிக்கும் கம்பெனிகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன, அவர்களுக்கும் இதே கப்பல்தான்.

வண்டி காத்து நின்றால் ஹால்ட்டிங் சார்ஜ் என்று லாரிக்காரர்கள் பில்லில் ஒரு தொகை கேட்பது உண்டு. பல நேரம் பேரம் பேசிப் பாதியாக்கிவிடுவார்கள். அந்தப் பாதியும் ஓனரோடு நின்றுவிடுவதுண்டு. இந்தத் தொகையை முழுசாகக் கொடுத்து, அதில் ஒரு பங்கு டிரைவர் பேட்டாவில் சேரும் என்று புக்கிங் போடும்போதே எழுதிவிட்டால், அடுத்த லோடுக்குக் கடைசிப் பெட்டி மாலை நாலு மணிக்கே ரெடியாகிவிடும் பாருங்கள்.