வாடிக்கையாளர் பட்டியல் யாருக்குச் சொந்தம்?

வேலையை விட்டு விலகும் கணக்குப்பிள்ளை, நம் வாடிக்கையாளர் பட்டியலைக் கைப்பேசியில் படம் பிடித்துச் செல்வது இன்று சர்வசாதாரணம். 1995-இல் டில்லி உயர்நீதிமன்றம், அஞ்சல்வழி விற்பனை நிறுவனமொன்றின் பட்டியலை முன்னாள் ஊழியர் பயன்படுத்தத் தடை விதித்தது. உழைத்துத் தொகுத்த பட்டியலுக்கும் பதிப்புரிமை உண்டு என்றது. ஆனால் 2007-இல் வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம், வெறும் உழைப்பு போதாது, சிறிதளவாவது திறனும் தேர்வும் வேண்டும் என்று கூறிவிட்டது.

ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவின்படி, விலகியவர் தனிக்கடை வைப்பதைத் தடுக்க முடியாது. தடுக்கவும் கூடாது, நம்மில் பலரும் அப்படி வந்தவர்களே. தொழிலைக் கற்றுச் செல்லட்டும். ஏட்டைக் கொண்டு செல்லலாகாது.

ஆகவே யாருக்கு எந்தச் சரக்கு, எத்தனை நாள் கடன் என்று தரம் பிரித்துப் பட்டியல் எழுதுங்கள். அது கடையின் இரகசியம் என்று, ஊழியர் சேரும்போதே எழுதி வாங்குங்கள். கிடங்குக்குப் பூட்டுப் போடுகிறோம், பட்டியலுக்கு வேண்டாமா?