அக்காவின் மடிக்கணினியைப் பழைய இரும்புக்குப் போடலாமா?

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கம்ப்யூட்டருக்கு நினைவகம், அதாவது ரேம் வாங்குவதற்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

நம் ஊரில் நிறைய வீடுகளில் அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கிறது. 15.9.2011 அன்று தமிழக அரசு இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் மூலமாக வாங்கிக் கொடுத்தார்கள். முதலில் வந்தவற்றில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி ரேம். எங்க அக்கா பிளஸ் டூ படிச்சப்போ 2019-ல் அவளுக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான்.

அக்கா கல்யாணமாகிப் போனதும் அது எனக்கு வந்தது. ஆனால் ஒரு பக்கம் திறக்கறதுக்குள்ள அம்மா சோறே வடிச்சு முடிச்சுருவாங்க. “ஏனம்மிணி, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுரலாமா?” என்று அப்பா கேட்டார். டவுனில் ஒரு கடையில் கேட்டதற்கு, பிரித்துக்கூடப் பார்க்காமல் “புதுசு வாங்கிக்குங்க” என்று சொல்லிவிட்டார்கள். புதுசு வாங்கணும்னா அப்பா மஞ்சள் வித்த காசில் பாதி போயிரும். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

ரேம் என்றால் என்ன? மஞ்சள் காய வைக்கிற களம் மாதிரி. ஹார்ட் டிஸ்க் குடோன் மாதிரி. குடோன் எவ்வளவு பெரிசா இருந்தாலும், களம் சின்னதா இருந்தா எல்லாத்தையும் ஒரே நேரத்தில் பரப்ப முடியாது. கொஞ்சத்தை அள்ளிக் குடோனுக்குக் கொண்டுபோய், மறுபடி எடுத்து வரணும். ரேம் நிறைந்துவிட்டால் கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஹார்ட் டிஸ்க்குக்கும் ரேமுக்கும் நடையாய் நடக்கும். அதனால்தான் மெதுவாகிறது.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பு நாமே பார்க்க வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். நாம் வழக்கமாகச் செய்கிற வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் மெமரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது நிறைந்து கிடந்தால் ரேம் போடலாம். அது பாதிதான் இருந்து, டிஸ்க் மட்டும் 100-ல் நின்றால், ரேம் போட்டுப் பயனில்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதே நல்லது. எங்க மடிக்கணினியில் மெமரி 90-க்குக் கீழே இறங்கவே இல்லை.

அடுத்தது எந்த ரேம் என்பது. எங்க மாமா ஆசையா ஒன்று கொண்டு வந்தார். அது மேசைக் கம்ப்யூட்டர் ரேம். மடிக்கணினி ரேமைவிட இரண்டு மடங்கு நீளம்! எல்லோரும் சிரித்தோம். மாமா பாவம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று வகைகளும் உண்டு. ஒவ்வொன்றிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றுக்கான இடத்தில் இன்னொன்று போகவே போகாது. அழுத்தினால் உடைந்துவிடும். 2 ஜிபி வந்த பழைய மடிக்கணினிக்கு டிடிஆர்3, எங்களுடையதற்கு டிடிஆர்4. சில மாடல்களில் ரேம் போட ஒரே ஒரு இடம்தான் இருக்கும். அதில் 4 ஜிபியைக் கழற்றிவிட்டுத்தான் 8 ஜிபி போட முடியும். இன்னொன்று, 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் வீண்.

2025 கடைசியில் ரேம் விலை மிகவும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற பெரிய டேட்டா சென்டர்களுக்கே தொழிற்சாலைகள் அதிகமாகச் செய்து கொடுக்க ஆரம்பித்ததுதான் காரணம். எங்கேயோ வெளிநாட்டில் நடப்பது நம்ம ஊர்க் கடையில் வந்து நிற்கிறது பாருங்கள்! அதனால் நாங்கள் பழைய 8 ஜிபி ரேம்தான் வாங்கினோம். போட்டு ஓட்டிக் காட்டிய பிறகே அப்பா காசு கொடுத்தார். பில்லும் வாங்கினார்.

மூடியைக் கழற்ற நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தபோது, “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை, தம்பிகிட்ட குடு” என்றார் அப்பத்தா. தம்பிக்கு ஆறு வயசு! கரண்டைத் துண்டித்து, பேட்டரியைக் கழற்றி, நானேதான் மாட்டினேன். இப்போது பாடம் பார்க்கிறேன், தமிழில் டைப் அடிக்கிறேன். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து பழைய எம்.ஜி.ஆர். படம் பார்க்கிறார். இப்ப ஒண்ணும் சொல்றதில்லை.

எல்லாவற்றுக்கும் ரேம் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2 ஜிபி உள்ள பழசில் காசைக் கொட்டுவதைவிட லேசான லினக்ஸ் போட்டுப் பார்ப்பது நல்லது. அதற்குச் செலவே இல்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பும் 14.10.2025-ஓடு நின்றுவிட்டது. அதையும் யோசிக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் தொடவே கூடாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை, வீட்டில் மூலையில் கிடக்கும் மடிக்கணினிகளை எல்லோரும் கொண்டு வந்து, எதை உயிர்ப்பிக்கலாம் என்று சேர்ந்து பார்க்க அனுமதி தாருங்கள். மாணவிகளும் ஸ்குரூ டிரைவர் பிடிக்கட்டும்.

பழசு என்றாலே குப்பை அல்ல. பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுவோம், பார்க்காமல் வேண்டாம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி