1,758 ரூபாயும் ஒரு எலுமிச்சம்பழமும்

கும்பகோணத்துல பி.காம். முடிச்சு, பேங்க் வேலைக்குச் சேர்ந்து, ஊர் ஊரா மாத்தி மாத்திக் கடைசியில திருவனந்தபுரம் ஆரியசாலையில வந்து குடியேறி ஆறு வருஷம் ஆச்சு. சாலை மார்க்கெட் பக்கம்கிறதால தெருவுல நிறையப் பேர் தமிழ்தான். அதனால ஊர் ஞாபகம் பாதி குறையும், பாதி கூடும்.

போன மாசம் ஒரு காலையில பழவங்காடி பிள்ளையார் கோயில் பக்கம் ஒரே கூட்டம். என்னன்னு எட்டிப் பார்த்தா, தரையோட தரையா ஒட்டிக்கிட்டு ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். மாலை போட்டு, சந்தனம் தடவி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, தேங்காயும் உடைச்சாச்சு. இருபது செல்போன் படம் எடுக்குது. எல்லாம் இருந்துச்சு, நம்பர் பிளேட் மட்டும் இல்லை!

பக்கத்துல நின்ன ஆட்டோக்காரர் ஒருத்தர் நாகர்கோவில்காரர். மெதுவா கேட்டார்: "சாரே, நம்ம வண்டிக்கு ஒரு மாசம் டாக்ஸ் லேட்டானா விடுவானுவளா?"

என்கிட்ட பதில் இல்லை. அதுக்கான காரணத்தைக் கடைசியில சொல்றேன்.

உடனே "உனக்குப் பொறாமை"ன்னு சிலர் ஆரம்பிப்பீங்க. பொறாமை கொஞ்சம் இருக்குங்க, மறைக்கலை. அந்த எஞ்சின் சத்தத்துக்கு எனக்கும் சிலிர்த்துச்சு. அவங்க பணம், பத்து கார் வாங்கட்டும். ஆனா நான் காமர்ஸ் படிச்சவன். ஒரு பக்கம் டெபிட் இருந்தா இன்னொரு பக்கம் கிரெடிட் இருக்கணும். கார் உங்க சொத்து, சரி. அது ஓடுற ரோடு யாரோட சொத்து? அதுக்கான வரவை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?

பழைய கதையில இருந்து வர்றேன். டெஸ்டில் பிராட்மனின் 29 சதத்தைத் தொட்டதுக்காக சச்சினுக்கு 2002-ல ஃபெராரி 360 மொடெனா பரிசாக் கிடைச்சது. சாவியைக் கொடுத்தவர் ஷூமாக்கர். நானும் சச்சின் பைத்தியம்தான், அன்னிக்கு நமக்கே கார் கிடைச்ச மாதிரி குதிச்சவன். அப்புறம் சுமார் 1.13 கோடி சுங்க வரியை அரசாங்கம் தள்ளுபடி பண்ணப் போறதா செய்தி வந்து, நாடே கொதிச்சு, கோர்ட் வரைக்கும் போய், கடைசியில அந்த வரியை ஃபியட் கம்பெனி கட்டிச்சு. யாரும் கேள்வி கேக்காம இருந்திருந்தா? அதுதான் விஷயம்.

அடுத்து 2017. கேரளாவுல ஓடுற சொகுசுக் கார்களைப் புதுச்சேரி விலாசத்துல பதிவு பண்ற சங்கதி வெடிச்சது. அப்போ இருபது லட்சத்துக்கு மேல விலையுள்ள காருக்குக் கேரளாவுல இருபது சதவீதம் வரி. புதுச்சேரியில மொத்தமா 55,000 ரூபாய்தான். ஒரு கோடி ரூபாய் காருன்னா 19,45,000 மிச்சம். கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டு விலாசம் போதும், அந்த வீட்டுத் திண்ணையில ஒரு நாள் கூட உக்கார வேண்டாம்! பெரிய சினிமாப் பெயர்கள் அடிபட்டுச்சு. ஃபகத் ஃபாசில் பிறகு கேரளாவுலயே வரியைக் கட்டினார்.

நவராத்திரிக்கு வேளிமலை முருகன் பத்மநாபபுரத்துல இருந்து பல்லக்குல வந்து எங்க ஆரியசாலை தேவி கோயில்லதான் தங்குவார். அவரே களியக்காவிளை எல்லையில போலீஸ் மரியாதையோட, அதிகாரிங்க முறைப்படி ஒப்படைச்ச பிறகுதான் கேரளாவுக்குள்ள வர்றார். சாமிக்கு இருக்கிற ஒழுங்கு கோடீஸ்வரங்களுக்கு இல்லை.

இதுல நாம செஞ்ச அநியாயத்தையும் சொல்லணும். 2018-ல பிருத்விராஜ் ஒரு லம்போர்கினி ஹுரக்கான் வாங்கி, எர்ணாகுளத்துலயே பதிவு பண்ணி, நாற்பது லட்சத்துக்கு மேல வரி கட்டினார். அவரோட அம்மா மல்லிகா சுகுமாரன், திருவனந்தபுரம் வீட்டுக்கு வர்ற ரோடு மோசம், அந்தக் காரைக் கொண்டு வர முடியலைன்னு ஒரு பேட்டியில சொன்னாங்க. அவ்வளவுதான், ஊரே சேர்ந்து கேலி பண்ணிச்சு. ஏன் சார்? வரி கட்டினவன் ரோடு கேக்கிறது தப்பா? கேலி பண்ண வேண்டியது, வரியை ஏமாத்திட்டு அதே குழியில விழுந்து அரசாங்கத்தைத் திட்டுறவனை.

இது வெறும் காசு விஷயம்னு நினைச்சா, 2024 மே 19-ஐ நினைச்சுப் பாருங்க. புனே கல்யாணி நகர்ல பதினேழு வயசுப் பையன் ஓட்டின போர்ஷே டைகான் மோதி, பைக்ல போன 24 வயசு இன்ஜினியர்கள் ரெண்டு பேர் செத்தாங்க. கோடிக்கு மேல விலையுள்ள கார். எலெக்ட்ரிக்கா இருந்ததால மகாராஷ்டிராவுல ரோடு வரி கூடக் கிடையாது. நிரந்தரப் பதிவுக்கு வெறும் 1,758 ரூபாய் கட்டணும், அதைக் கட்டலை. பையனுக்கு முதல்ல ஜாமீன் கொடுத்தப்போ 300 வார்த்தையில கட்டுரை எழுதச் சொன்னாங்க. நாடு கத்தின பிறகுதான் அது மாறிச்சு.

1,758 கட்டியிருந்தா அந்த ரெண்டு பேரும் பிழைச்சிருப்பாங்களா? தெரியாது, அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனா "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்"ங்கிற அதே அலட்சியம்தான் சாவியை ஒரு பையன் கையிலயும் கொடுக்குது.

இப்போ என் கதை. பல வருஷத்துக்கு முன்னாடி, வேற ஊர்ல, ஒரு வெளிநாட்டுக் கார் லோன் ஃபைல் என் மேஜைக்கு வந்துச்சு. கஸ்டமர் இருக்கிறது கேரளா, ஃபைல்ல விலாசம் புதுச்சேரி வாடகை வீடு. கேட்டேன். "பேப்பர் சரியா இருக்கா? அதைப் பாரு"ன்னார் மேலதிகாரி. பேப்பர் சரியாத்தான் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன். டெலிவரிக்கு ஷோரூம்ல கூப்பிட்டு லட்டு கொடுத்தாங்க, அதையும் தின்னேன். ஆட்டோக்காரர் கேட்டப்போ நாக்கு எழாததுக்கு அந்த லட்டுதான் காரணம்.

அதனால முதல்ல எங்க ஆளுங்களுக்கே சொல்றேன். டெலிவரி ஆர்டர் எங்க கையில இருந்துதான் போகுது. அந்த விலாசத்துல ஆள் உண்மையா இருக்காரான்னு நேர்ல போய்ப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க. ஷோரூம்காரங்க நிரந்தர நம்பர் பிளேட் மாட்டாம சாவி கொடுக்கக் கூடாது. அப்பாமாரே, பையனுக்கு லைசென்ஸ் இல்லாம சாவி கொடுத்தா, 2019-ல திருத்தின சட்டப்படி உங்களுக்கு மூணு வருஷம் வரை ஜெயில். தெரியுமா?

எலுமிச்சம்பழம் வைங்க, தேங்காய் உடைங்க, போட்டோ எடுங்க. அதுக்கு முன்னாடி ரசீதை எடுங்க. பிள்ளையார் காத்திருப்பார்.

அந்த ஆட்டோக்காரரை இன்னும் தினமும் பார்க்கிறேன். இன்னும் பதில் சொல்லலை.