விசில் யார் கையில்

கேகாலையிலிருந்து கரவனெல்லவுக்கு இறங்கும் வீதியில் புளத்கொகுபிட்டியவை அடையும்போது, தேயிலையும் இறப்பரும் பங்குபோட்டுக்கொண்ட சரிவுகளே கண்ணுக்குத் தெரிகின்றன. இந்த மலைகளில் சமதரை அரிய சொத்து. தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் போக மிஞ்சிய துண்டு நிலத்தில்தான் திருவிழாக் கூட்டமும் நிற்க வேண்டும், பிள்ளைகளின் உதைபந்தும் உருள வேண்டும். ஒரு தோட்டத்து அணி இன்னொரு தோட்டத்துக்கு விளையாடப் போகும் நாளில் முதலில் எழும் கேள்வி யார் விளையாடுவது என்பதல்ல, விசில் யார் பிடிப்பது என்பதே. வந்த அணி உள்ளூர்க்காரரை நம்பாது. உள்ளூர் அணி வந்தவரை ஏற்காது. கடைசியில் இரு தோட்டங்களுக்கும் பொதுவான ஒரு பள்ளிக்கூட ஆசிரியரையோ, முழங்கால் கெட்டு ஆட்டத்தை விட்ட ஒரு பழைய ஆட்டக்காரரையோ தேடிப் பிடிப்பார்கள். அவருக்குக் கிடைப்பது ஒரு தேநீர். தோற்ற அணி தருவது தனி.

இந்தத் தேடல் நம் தோட்டங்களுக்கு மட்டும் உரியதல்ல. 1863இல் இங்கிலாந்தில் உதைபந்தாட்டத்துக்கு விதிகள் எழுதியவர்கள் மத்தியஸ்தரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கனவான்கள் ஆடும் ஆட்டத்தில் யாரும் வேண்டுமென்று பிழை செய்யமாட்டார்கள், செய்தாலும் இரு தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது அவர்களுடைய எண்ணம். போட்டிகளும் பரிசுக் கிண்ணங்களும் வந்த பிறகு அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. ஒவ்வோர் அணியும் தனக்கென ஒரு நடுவரைக் கொண்டுவந்தது. எதிர்பார்க்கக்கூடியபடியே ஒவ்வொருவரும் தம் பக்கமே பேசினார்கள். அவர்களுக்குள் இணக்கம் வராதபோது கேட்பதற்கு மைதானத்துக்கு வெளியே மூன்றாவது ஒருவரை நிறுத்தினார்கள். 1881இல் அவருக்கு விதியில் இடம் கிடைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1891இல், வெளியே நின்றவர் உள்ளே வந்தார். இரு தரப்பு நடுவர்களும் கொடியோடு எல்லைக்கோட்டுக்கு ஒதுக்கப்பட்டார்கள். பெனால்டி உதையும் அதே ஆண்டில்தான் பிறந்தது. தாங்கள் வேண்டுமென்றே பிழை செய்வோம் என்று ஒரு விதி கருதுவதே அவமானம் எனக் கனவான்கள் சிலர் வெகுநாள் முகம் சுளித்தார்களாம். நேர்மையில் அவ்வளவு நம்பிக்கை வைத்த அதே காலத்துக் கனவான்கள்தான் நம் மலைகளையும் ஆண்டார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏனென்றால் அங்கே மூன்றாவது மனிதர் மெல்ல மெல்ல மைதானத்துக்குள் நுழைந்த அந்த ஆண்டுகளில், இங்கே கோப்பி நோயில் அழிந்து தேயிலை மலையேறிக்கொண்டிருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வேலையை விட்டுப் போவது குற்றம், பிடிபட்டால் சிறை. வழக்கு போடுபவர் துரை. துரைமாரில் சிலர் சமாதான நீதவானாகவும் உத்தியோகப்பற்றற்ற பொலிஸ் நீதவானாகவும் பட்டம் தாங்கியிருந்தார்கள். ஆடும் அணியின் தலைவரே விசிலையும் வைத்திருந்த ஆட்டம் அது. தொழிலாளர் பக்கத்து மனிதர் என்று சொல்லத்தக்கவர் கங்காணி ஒருவரே. அவரும் தலைக்காசுக்கும் கடன் கணக்குக்கும் கட்டுப்பட்டவர். ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் நாட்கூலிக்குப் பேர் விழுமா, அரைப்பேர் விழுமா என்பதையும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் தண்ணீருக்கும் சாக்குக்கும் எத்தனை கழிவு என்பதையும் தீர்மானித்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தவர்கள். மேன்முறையீடு செய்ய எல்லைக்கோட்டில் யாரும் நிற்கவில்லை. நம் பாட்டனார் பாட்டிமார் நூறு ஆண்டுகளுக்கு மேல் தீர்ப்புக்கு ஆளானார்கள். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் ஒருபோதும் நிற்கவில்லை.

அந்த மூன்றாவது ஆள் இங்கே நிலையான இடம் பிடித்தது 1941இல், சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் என்ற பெயரில். முதலாளிமாரின் பிரதிநிதிகள் ஒரு பக்கம், தொழிற்சங்கப் பிரதிநிதிகள் மறுபக்கம், இருவருக்கும் இடையில் அரசு நியமித்தவர்கள். 1881ஆம் ஆண்டின் உதைபந்தாட்ட விதியை அறிந்தவருக்கு இந்த அமைப்பு புதியதாகத் தோன்றாது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1939இல், இலங்கை இந்தியக் காங்கிரசும் தேசிய உதைபந்தாட்டச் சங்கமும் ஒரே ஆண்டில் தோன்றியிருந்தன. இரண்டுக்கும் தொடர்பேதுமில்லை, வெறும் தற்செயல். ஆனால் நம்மைப் போன்ற வாசகருக்கு அதைக் கடந்துபோக மனம் வருவதில்லை. மத்தியஸ்தர் வந்ததனால் சண்டை ஓயவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று சபை வழியே வர்த்தமானியில் வந்ததும் கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று முடிவானதற்கு முன்னும் அதே இழுபறி. விசில் ஊதியவரைச் சூழ்ந்து ஆட்டக்காரர்கள் கைகளை விரித்து நிற்கும் காட்சி மைதானத்தில் மட்டும் நடப்பதில்லை.

மத்தியஸ்தர் தொழில் என்கிறோம்; நெடுங்காலம் அது தொழிலே அல்ல. 1950 உலகக் கிண்ணத்தின் கடைசி ஆட்டத்தை நடத்திய ஜோர்ஜ் ரீடர் பள்ளி ஆசிரியர். 1974 இறுதியாட்டத்தை நடத்திய ஜாக் டெய்லர் இறைச்சிக்கடைக்காரர். 1998இல் அந்த இடத்தில் நின்ற முதல் ஆபிரிக்கரான சயிட் பெல்கோலா சுங்க அதிகாரி. இங்கிலாந்தின் உயர்மட்ட லீக் தன் மத்தியஸ்தர்களை முழுநேரச் சம்பளத்துக்கு அமர்த்தியது 2001இல்தான். ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பதைச் சங்கம் ஏற்றுக்கொண்ட 1885ஐ வைத்துப் பார்த்தால் நூற்றுப்பதினாறு ஆண்டுத் தாமதம். ஆட்டத்துக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுகிறவர், எழுபத்தைந்து மீற்றரைப் பதினைந்து விநாடிக்குள் ஓடிச் சிறிது நடந்து மீண்டும் ஓடுவதை நாற்பது முறை செய்துகாட்டித்தான் தேறுகிறவர், மறுநாள் காலை வழக்கமான வேலைக்கும் போனார். இலங்கையிலும் இந்தத் துணைக்கண்டத்தின் பெரும்பகுதியிலும் இன்றும் அதுவே நிலைமை.

கருவிகளும் மாறிக்கொண்டே வந்தன. 1966 உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்டீன அணித் தலைவர் ரட்டீன், வெளியேறச் சொன்னது விளங்காமலோ விளங்காததுபோலவோ மைதானத்தை விட்டு அகல மறுத்தார். அந்தக் குழப்பத்தைப் பார்த்த கென் அஸ்டன், இவரும் ஓர் ஆசிரியரே, எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்படி மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தார். 1970இல் மெக்சிக்கோவில் அவை வந்தன. 2018 உலகக் கிண்ணத்தில் காணொளி வழி மீளாய்வு வந்தது. இனி வாக்குவாதமே இராது என்றார்கள். நான் அறிந்தவரை வாக்குவாதம் குறையவில்லை. ஒளிப்படக்கருவியின் கோணத்தையும் சேர்த்து இப்போது திட்டுகிறார்கள்.

இந்த நெடிய வரலாற்றில் தமிழர் ஒருவரின் பெயர் ஒதுக்கமாக, ஆனால் அழியாமல் நிற்கிறது. 1950இல் தகுதி பெற்றும் போகாமல் விட்ட இந்திய அணி அதன் பின் உலகக் கிண்ண மைதானத்தை மிதித்ததில்லை. 2002இல் கொரியாவிலும் யப்பானிலும் நடந்த உலகக் கிண்ணத்தில் தமிழ்நாட்டுக்காரரான கோமலீஸ்வரன் சங்கர் உதவி மத்தியஸ்தராகக் கொடி பிடித்தார். ஒரு நாட்டின் பதினொருவரால் போக முடியாத இடத்துக்குத் தனி ஒருவர் போக முடிந்திருக்கிறது. பந்து அவர் காலுக்கு ஒருமுறையும் வரவில்லை. ஆனால் உலகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அவருடைய கொடி உயர்ந்ததும் நின்றார்கள். கோல் அடித்தவர்களின் பெயர்ப்பட்டியலை மனப்பாடமாகச் சொல்லும் நம் இளைஞரில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

இடையில் நிற்பவருக்கு விதி தெரிந்தால் மட்டும் போதாது. இரு தரப்பும் அவரைத் தமக்குச் சமமானவராக ஏற்க வேண்டும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் இலங்கை, இந்தியா என்ற இரண்டு அரசுகளால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 1977இலும் 1981இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் வன்முறைக்கு அஞ்சி லயங்களை விட்டு இரவோடிரவாக ஓடிய ஒரு சமூகத்தவர், பக்கத்துக் கிராமத்து அணியின் ஆட்டத்தில் விசில் பிடித்து நிற்பது எவ்வளவு தொலைவில் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை வந்தது. கச்சேரியில் கிடைக்கும் அத்தாட்சிப் பத்திரம் ஒருவகை; தோட்டத்துப் பிள்ளை சிவப்பு அட்டையை உயர்த்த, கிராமத்து இளைஞன் முணுமுணுத்தபடியேனும் வெளியேறிப் போவது இன்னொருவகை. இரண்டாவதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அது சட்டத்தால் வருவதல்ல. ஓடி, படித்து, பரீட்சை எழுதி, சிறிய ஆட்டங்களில் ஏச்சு வாங்கி, ஆண்டுக்கணக்கில் சேர்வது.

ஆட்டக்காரராவதற்கு நல்ல மைதானம் வேண்டும், சிறு வயதிலேயே பயிற்றுநர் வேண்டும். மத்தியஸ்தருக்கு விதிநூலும், ஓடுவதற்கு மேடும் பள்ளமுமான ஒரு தோட்டப்பாதையும் இருந்தால் தொடங்கிவிடலாம். தமிழும் சிங்களமும் சேர்ந்து பேசத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அந்த வசதியும் கூடுதலாக இருக்கிறது. ஆகவே மாவட்ட லீக்குகளை நடத்துவோரிடம் கேட்பது பெரிதொன்றுமில்லை: அடுத்த மத்தியஸ்தர் பயிற்சியின் அறிவித்தல் தமிழிலும் எழுதப்பட்டு, புளத்கொகுபிட்டிய, தெரணியகலை, எட்டியாந்தோட்டைத் தோட்டப் பாடசாலைகளின் பலகைகளுக்கும் வரட்டும். பெற்றோரிடம் கேட்பதும் ஒன்றே: பந்து பிடிபடாத பிள்ளை விதியைப் பற்றி வாதாடிக்கொண்டே இருந்தால் அதட்டி உட்கார வைக்காதீர்கள், பஸ் காசு கொடுத்து அந்தப் பரீட்சைக்கு அனுப்புங்கள்.