சம்பளம் பார்த்துப் படிக்கலாமா?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அசோக் நகரில் காலை நடைக்குப் போகிறவர்களின் பேச்சே மாறிவிடும். மே மாதம் வரை சர்க்கரை, முழங்கால் வலி, மெட்ரோ வாட்டர் லாரி. ஜூன் வந்தால் கட் ஆஃப். யார் பேரனுக்கு எவ்வளவு, யார் பேத்திக்கு எந்த காலேஜ் என்று அசோக் பில்லரைச் சுற்றித் திரும்புவதற்குள் நாலைந்து காலேஜ்களின் ஜாதகத்தை அலசி முடித்துவிடுவோம். நம்மில் பலர் படித்தது எஸ்.எஸ்.எல்.சி.யும் பி.யு.சி.யும்தான். ஆனாலும் ஆலோசனை சொல்வதில் நாம் சளைத்ததில்லை.

போன வாரம் ஆலோசனை கேட்டு வீட்டுக்கே ஒருவர் வந்துவிட்டார். எங்கள் ஃப்ளாட்டில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர். கூடவே ப்ளஸ் டூ முடித்த மகள். கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று இருநூறுக்குப் போடும் கணக்கில் அந்தப் பெண்ணுக்கு 164.

"ஸார், ஒரு காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டாவில ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் சீட் தர்றேங்கறாங்க. ஊர்ல ஒரு மனை இருக்கு. அதை வித்துட்டு, பாக்கிக்கு லோன் போட்டுடலாம்னு பாக்கறேன். படிச்சு முடிச்சா நல்ல சம்பளம், உடனே வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

பெண்ணைப் பார்த்தேன். "உனக்கு என்னம்மா?" என்றேன்.

"எனக்கு ஈ.ஈ.ஈ. போகணும்னு ஆசை தாத்தா. ஆனா அதுக்கு இப்ப மார்க்கெட் இல்லைங்கறாங்க."

போன டிசம்பர் மழையில் எங்கள் ஃப்ளாட் இன்வெர்ட்டர் நின்றுபோனது. எலக்ட்ரீஷியன் பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றுகொண்டு, ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று அவரைத் துளைத்தெடுத்தது இந்தப் பெண்தான். அது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் டயம் கேட்டேன். அந்த இரண்டு நாளில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது கேவலம் என்று நினைக்கிறவன் இல்லை நான். "மனசுக்குப் பிடிச்சதைப் படி, பணம் தானா வரும்" என்று இப்போது மேடைக்கு மேடை பேசுகிறார்கள். சொந்த வீடும் அப்பாவின் பென்ஷனும் இருக்கும் வீட்டில் அதைச் சொல்லலாம். எங்கள் வீட்டில் என் அக்கா டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் போனது பிடித்துப்போய் அல்ல. அப்பா போனபின் எங்கள் நாலு பேருக்கும் சாப்பாடு வேண்டும். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நைட் டூட்டி பார்த்து, ட்ரங்க் கால், அர்ஜென்ட் கால், லைட்னிங் கால் என்று ஊரையெல்லாம் இணைத்துக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில்தான் எங்களைப் படிக்க வைத்தாள். பாட்டுப் படிக்க ஆசைப்பட்டவள். அவள் மட்டும் மனசுக்குப் பிடித்ததைப் படித்திருந்தால் இன்று இதை எழுத நான் இந்த நிலையில் இருந்திருக்க மாட்டேன்.

1973ல் நானும் அதே தொலைபேசித் துறையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். நல்ல சம்பளம், நிலையான வேலை, கடைசியில் பென்ஷன். பெண் கொடுக்கிறவர்கள் கேட்ட மூன்றும் இருந்தன. நான் சேர்ந்தபோது இருந்தது ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச். ஹால் முழுக்க ரேக்குகள். மழை பெய்வதுபோல் ரிலேக்களின் சடசட சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் பழுது என்று சொல்லும் சீனியர்கள் இருந்தார்கள். பிறகு கிராஸ்பார் வந்தது. அதுவும் போய் எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. எஸ்.டி.டி. வந்ததும் அக்காவின் ட்ரங்க் போர்டுக்கு வேலை குறைந்தது. நான் உயிரைக் கொடுத்துக் கற்ற வித்தையும் பழைய இரும்பு விலைக்குப் போனது.

ஆனால் நாங்கள் யாரும் தெருவுக்கு வரவில்லை. துறை எங்களுக்கு வேறு பயிற்சி கொடுத்தது, வேறு சீட்டில் உட்கார வைத்தது. 2000 அக்டோபர் 1ல் துறை பி.எஸ்.என்.எல். நிறுவனமாக மாறியபோதும் கூடவே போனோம். தொழில் செத்தது, சம்பளம் சாகவில்லை.

நம் தலைமுறையின் ஆலோசனையில் இருக்கும் கோளாறு இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. "நல்ல வேலையா பாத்துப் போ, வாழ்க்கை செட்டில் ஆயிடும்" என்கிறோம். நமக்கு அப்படி ஆனதற்குக் காரணம் நாம் கற்ற தொழில் அல்ல. நம்மைத் தூக்கிச் சுமந்த முதலாளி. அந்த முதலாளி இன்றைக்கு இல்லை. அதே பி.எஸ்.என்.எல்.லில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,000 பேர் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். தமிழ்நாடு அரசில் 2003 ஏப்ரலுக்கும், மத்திய அரசில் 2004 ஜனவரிக்கும் பிறகு சேர்ந்தவர்களுக்கு நாம் வாங்கும் பழைய பென்ஷன் கிடையாது. தனியார் கம்பெனியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலை மாறினால் அவர்கள் ஆளை மாற்றுவார்கள், பயிற்சி கொடுத்து வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது கோளாறு, இன்றைய மார்க்கெட்டைப் பார்த்து நாலு வருடம் கழித்து முடியும் படிப்பில் சேர்ப்பது. இது புதிதல்ல. என் தாய்மாமா ஒருவர் 1967ல் பி.ஈ. முடித்தார். அவர் சேர்ந்தபோது நாடு முழுக்க அணையும் ஆலையும் கட்டிக்கொண்டிருந்த காலம். எஞ்சினியர் என்றால் வேலை கதவைத் தட்டும். அவர் வெளியே வந்தபோது இரண்டு வருட வறட்சி, ஐந்தாண்டுத் திட்டத்தையே 1966லிருந்து 1969 வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். எஞ்சினியர்கள் வேலையில்லாமல் திண்டாடினார்கள். கல்லூரிகளில் சேர்க்கை இடங்களையே அரசாங்கம் குறைக்கும் அளவுக்குப் போனது. மாமா இரண்டு வருடம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? 1998ல் என் மகனைக் கூட்டிக்கொண்டு அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கவுன்சிலிங் போனேன். அவனுக்கு மெக்கானிக்கல்தான் வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே என் பழைய மொபெட்டைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டியவன். ஆனால் அப்போது ஒய்.டூ.கே. அலை. தெருவுக்கு ஒருவர் அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார். உள்ளே போகும் முன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்ப்யூட்டர் எடு. அப்பா சொன்னா கேளு" என்றேன். கேட்டான்.

2002ல் படிப்பு முடிந்தது. அதற்குள் அலை ஓய்ந்துவிட்டது. கேம்பஸில் தேர்ந்தெடுத்த கம்பெனி கடிதம் கொடுத்ததோடு சரி, கூப்பிடவே இல்லை. பதினான்கு மாதம் வீட்டில் இருந்தான். பிறகு கால் சென்டரில் ராத்திரி வேலை. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறி இப்போது நல்ல நிலையில்தான் இருக்கிறான். ஆனால் லீவில் வரும்போது என் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம் பூராவும் நிற்பான். அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான். நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குச் சொன்னது தப்பு என்று இன்றுவரை அவனிடம் நான் சொன்னதில்லை.

என்னோடு வேலை பார்த்தவரின் மகன் 2003ல் சிவில் எடுத்தான். "மேஸ்திரி வேலைக்கு எதுக்கு பி.ஈ.?" என்று நாங்களே கேலி செய்தோம். 2009ல் சென்னை மெட்ரோ வேலை ஆரம்பித்தது. அவன் அதில் நுழைந்தான். 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் பாதை திறந்தபோது நம் அசோக் நகர் ஸ்டேஷனைப் பார்க்கக் கூட்டமாகப் போனோமே, அந்தப் பாதையில் அவன் உழைப்பும் இருக்கிறது. அவன் கெட்டிக்காரன் என்று சொல்ல வரவில்லை. மெட்ரோ வரும் என்று அவனுக்கும் தெரியாது. எனக்கும் 2002ல் சரிவு வரும் என்று தெரியாது. நாலு வருடத்துக்கு அப்பால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் உழைக்கப் போகும் முப்பத்தைந்து வருடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? இன்றே தெரிந்துகொள்ளக்கூடியதைப் பார்க்கலாம். இரண்டு நாள் கழித்து அந்த அப்பாவை உட்கார வைத்து ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் நாலு வருடத்துக்கு, பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகையில் மனை விற்ற பணம் போக எட்டு லட்சம் கடன். பதினொரு சதவீத வட்டி, ஏழு வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 13,700 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியை இன்னும் சேர்க்கவில்லை. பெரிய ஐ.டி. கம்பெனிகளில் சாதாரணமாகப் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பல வருடங்களாகவே ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் சம்பளம். பிடித்தம் போகக் கையில் வருவது இருபத்தைந்தாயிரம் சொச்சம். வெளியூரில் ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் போனால் தவணைக்கு அப்பாதான் பணம் அனுப்ப வேண்டியிருக்கும்.

"பேப்பர்ல நாப்பது லட்சம் பேக்கேஜ்னு போட்டிருந்தாங்களே ஸார்?"

"அது ஒரு பையனுக்கு. மீதிப் பேருக்கு எவ்வளவுன்னு கேட்டீங்களா?" என்றேன். காலேஜ் விளம்பரம் உச்சத்தைச் சொல்லும். நாம் கேட்க வேண்டியது வகுப்பின் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதை. இரண்டு வருடம் முன்னால் அங்கே படித்து முடித்த நாலு பேரைத் தேடிப்பிடித்துக் கேட்டால் போதும்.

அவர் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கவுன்சிலிங்கில் சேர்ந்தால்தான் உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. இந்த விஷயமே அவருக்குத் தெரியவில்லை. 164க்குக் கவுன்சிலிங்கில், வடபழனியிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்திலேயே இந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மனை அப்படியே இருக்கும்.

"ஆனா எதிர்காலமே ஏ.ஐ.தானே ஸார்?" என்றார். இருக்கலாம். அந்தப் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவுன்சிலிங்கிலேயே கிடைத்து, பெண்ணுக்கும் ஆசை இருந்தால் தாராளமாகச் சேரட்டும். ஆனால் கோர்ஸின் பெயர் சோறு போடாது. கணக்கில் பிடிப்பும், ஒரு விஷயத்தைக் குடைந்து பார்க்கும் புத்தியும் இருந்தால் ஈ.ஈ.ஈ. படித்தவளும் புரோகிராமிங் கற்றுக்கொள்ளலாம். ஐ.டி. கம்பெனிகள் எல்லாப் பிரிவிலிருந்தும்தான் ஆள் எடுக்கின்றன. அந்தப் பக்கம் மார்க்கெட் விழுந்தால், மின்சாரம் என்ற ஒன்று இருக்கும்வரை இந்தப் பக்கமும் ஒரு கதவு திறந்திருக்கும். ஸ்ட்ரோஜர் மட்டுமே தெரிந்த எனக்கு அந்த இரண்டாவது கதவு இல்லை. சர்க்கார் இருந்ததால் பிழைத்தேன்.

பிள்ளையின் ஆசையை நான் சம்பளத்துக்கு எதிரியாக வைக்கவில்லை. சம்பளக் கணக்கிலேயே அதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்கிறேன். தொழில் மாறும்போதெல்லாம் புதிதாகக் கற்க வேண்டிய காலம் இது. பிடிக்காத பாடத்தை ஒருதரம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிடலாம். நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் மறுபடி மறுபடி உட்கார்ந்து படிக்கக் கொஞ்சமாவது பிடித்திருக்க வேண்டாமா?

அவர் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மனையை விற்பதா என்பது அவர் வீட்டு விஷயம். நான் முடிவு சொல்ல முடியாது.

நேற்று சாயங்காலம் அந்தப் பெண் மாடியில் துணி எடுக்க வந்தாள். கவுன்சிலிங்குக்காகக் காலேஜ் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாளாம். முதல் ஆறும் ஈ.ஈ.ஈ., அப்புறம் ஈ.சி.ஈ., கடைசியில் அப்பாவுக்காக இரண்டு ஏ.ஐ. "ஏன் தாத்தா, நீங்க எப்படி டெலிபோன் வேலைக்குப் போகணும்னு முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"நான் எங்கேம்மா முடிவு பண்ணேன்? மூணு எடத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். அந்த ஆர்டர்தான் முதல்ல வந்தது" என்றேன்.

சிரித்துக்கொண்டே கீழே போனாள். நான் உள்ளே வந்து மகனுக்குப் போன் போட்டேன். அவன் ஏதோ மீட்டிங்கில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்றிருக்கிறான்.